வருமுன் சொல்லுமா விமானத்தின் திரை?

விமானி அறையில் எரியும் எச்சரிக்கைகளும் எரியாத எச்சரிக்கைகளும்

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி. பொழுது விடிய இன்னும் நேரம் இருந்தது. கனடாவின் டொரண்டோ நகரிலிருந்து போர்ச்சுகல் நாட்டுத் தலைநகரான லிஸ்பனை நோக்கி, அட்லாண்டிக் மகாசமுத்திரத்துக்கு மேலே ஒரு விமானம் பறந்துகொண்டிருந்தது. 'ஏர் டிரான்சாட்' என்ற கம்பெனியின் 'ஏர்பஸ் ஏ-330' ரக விமானம் அது. உள்ளே 293 பிரயாணிகள்; 13 சிப்பந்திகள். ஆக மொத்தம் 306 உயிர்கள்.

விமானி அறையில், வலது பக்கத்து எஞ்சினின் மசகு எண்ணெயைப் பற்றித் திரையில் தெரிந்த எண்கள் விசித்திரமாக மாறத் தொடங்கின. எண்ணெயின் அளவு குறைந்தது. அழுத்தம் கூடியது. உஷ்ணமோ இறங்கியது. எஞ்சின் கெட்டுப்போனால் எண்ணெய் கொதிக்கும்; இங்கே குளிர்ந்தது! இது என்ன புதுமை? கருவிதான் பொய் சொல்கிறதோ என்று விமானிகளுக்குச் சந்தேகம் எழுந்தது. தரையில் இருந்த கம்பெனியின் பராமரிப்பு நிலையத்தைக் கூப்பிட்டு யோசனை கேட்டார்கள்.

ஏறக்குறைய அரை மணி நேரம் சென்றது. இப்போது வேறொரு செய்தி. வலது இறக்கையில் இருக்கும் எரிபொருள், இடது இறக்கையில் இருப்பதைவிடக் குறைவாக இருந்தது. எடை ஒரு பக்கம் சாயாமல் சமன் செய்ய ஒரு வழி உண்டு. இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வால்வைத் திறந்து, நிறைந்த பக்கத்திலிருந்து குறைந்த பக்கத்துக்கு எரிபொருளை அனுப்புவதுதான் அது. விமானிகள் அப்படியே செய்தார்கள்.

ஆனால் வலது பக்கத்தில் ஏன் குறைந்தது? அங்கே எஞ்சினின் எரிபொருள் குழாய் ஒன்று விரிசல் கண்டு, எரிபொருள் கடலில் கொட்டிக்கொண்டிருந்தது! ஓட்டைக் குடத்தை நிரப்புவதற்காக நல்ல குடத்தைச் சாய்த்தது போல ஆயிற்று. கிரீனிச் நேரப்படி காலை 6 மணி 13 நிமிஷத்துக்கு வலது எஞ்சின் நின்றது. அடுத்த 13 நிமிஷத்தில் இடது எஞ்சினும் நின்றது. கீழே கடல். அருகில் இருந்த ஓடுபாதையோ அசோர்ஸ் தீவுக் கூட்டத்தில், சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில்.

தலைமை விமானி ராபர்ட் பிஷே, உயிரற்ற விமானத்தை 19 நிமிஷம் காற்றில் சறுக்கவிட்டு, டெர்சேரா தீவில் உள்ள லாஜெஸ் விமானதளத்தில் இறக்கினார். சக்கர டயர்கள் வெடித்தன. சிலருக்குக் காயம். ஓர் உயிர்கூடப் போகவில்லை. எஞ்சின் இல்லாமல் ஒரு பிரயாணி ஜெட் விமானம் இவ்வளவு நீண்ட தூரம் சறுக்கியதில்லை என்று உலகமே வியந்தது.

வியப்பு இருக்கட்டும். கசிவு ஆரம்பித்ததற்கும் முதல் எஞ்சின் நின்றதற்கும் நடுவே ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அவ்வளவு நேரமும் விமானம் தன் நோயைப் பற்றி ஏதோ ஒரு பாஷையில் சொல்லிக்கொண்டேதான் இருந்தது. அது ஏன் விமானிகளுக்குப் புரியவில்லை?

மூன்று மீன்கள்

வருமுன் காப்போன், வரும்போது காப்போன், வந்தபின் தவிப்போன் என்று மூன்று மீன்கள் ஒரு குளத்தில் வாழ்ந்த கதையைப் படிக்காத குழந்தை தமிழ்நாட்டில் இல்லை. விமானி அறையில் உள்ள கருவிகளையும் இந்த மூன்று மீன்களாகப் பிரித்துவிடலாம்.

எஞ்சினில் தீப் பிடித்ததும் மணி அடித்துச் சிவப்பு விளக்கு எரிகிறது. நடந்துவிட்டதைச் சொல்லும் கருவி இது. எண்ணெய் அழுத்தம் எல்லைக்கோட்டைத் தொட்டதும் மஞ்சள் எழுத்தில் எச்சரிக்கை வருகிறது. நடந்துகொண்டிருப்பதைச் சொல்வது இது. மூன்றாவது வகைதான் அரிது. எல்லாம் ஒழுங்காக இருப்பதாகத் தோன்றும்போதே, "இந்த அளவு வழக்கத்துக்கு மாறாகப் போகிறது, இப்படியே போனால் இத்தனை நிமிஷத்தில் ஆபத்து" என்று சொல்லும் கருவி அது.

விமானிக்கு மிகவும் வேண்டியது நேரம். தரையில் கார் நின்றுபோனால் ஓரமாகத் தள்ளிவிட்டு யோசிக்கலாம். வானத்தில் ஓரம் ஏது? ஆகவே, நேரத்தைச் சம்பாதித்துக் கொடுக்கும் கருவியே மேலான கருவி. அறுபது ஆண்டுகளாக விமான நிபுணர்கள் இந்தத் திசையில்தான் நடக்கிறார்கள். ஆனால் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது ஆசாமி

பழைய விமானங்களில் விமானிகள் இருவருக்குப் பின்னால் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்திருப்பார். பறக்கும் எஞ்சினியர் என்று அவருக்குப் பெயர். சுவர் முழுவதும் கடிகாரம் கடிகாரமாகப் பதித்த பலகை ஒன்று அவருக்கு எதிரே இருக்கும். ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனித் தனி முட்கள். நாலு எஞ்சின்களின் முட்களும் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சுகம். ஒன்று மட்டும் சற்றே விலகி நின்றால், விளக்கு எரிவதற்கு முன்பே அவருக்கு மூக்கில் வியர்த்துவிடும். சமையல்காரருக்குக் குழம்பின் வாசனையிலேயே பதம் தெரிவது போல, அனுபவம் தந்த ஞானம் அது.

1980-களில் நிலைமை மாறியது. போயிங் கம்பெனியின் 767, 757 விமானங்களும் ஏர்பஸ் கம்பெனியின் ஏ-310 விமானமும் புது ஏற்பாட்டோடு வந்தன. கம்ப்யூட்டர் எல்லா அளவுகளையும் கவனித்துக்கொள்ளும். கோளாறு என்றால் திரையில் எழுத்தில் சொல்லும். ஏர்பஸ்ஸில் செய்ய வேண்டிய பரிகாரத்தையும் வரிசையாகக் காட்டும். மூன்றாவது ஆசாமி தேவையில்லை! 1981-ல் அமெரிக்க ஜனாதிபதி நியமித்த குழு ஒன்றும் இருவர் ஓட்டுவது பத்திரம்தான் என்று அபிப்பிராயம் தெரிவித்தது. 1989-ல் சேவைக்கு வந்த போயிங் 747-400 விமானத்தில், முந்தைய 747-ல் இருந்த 971 விளக்குகள், மானிகள், பொத்தான்கள் 365 ஆகக் குறைந்தன.

இது நல்ல மாற்றமா, கெட்ட மாற்றமா? நல்லது என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால், ஆள் அதிகம் இருப்பதால் மட்டும் ஆபத்து விலகிவிடாது. 1972-ம் ஆண்டு டிசம்பர் 29-ந் தேதி இரவு, அமெரிக்காவின் மியாமி நகருக்கு அருகே 'ஈஸ்டர்ன்' கம்பெனி விமானம் ஒன்று சதுப்பு நிலத்தில் விழுந்து 101 பேர் மாண்டார்கள். காரணம் என்ன தெரியுமா? மூக்குச் சக்கரம் இறங்கியதைக் காட்டும் சிறு பல்பு ஒன்று சுட்டுப்போயிருந்தது. விமானிகள், எஞ்சினியர் எல்லோருடைய கவனமும் அந்தப் பல்பிலேயே இருந்தது. விமானம் மெல்ல மெல்லக் கீழே இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. உயரம் குறைகிறது என்று ஒரு முறை மணி ஒலித்தது. அது யார் காதிலும் ஏறவில்லை.

ஒரு விளக்கு கண்ணைக் கவர்ந்தால் மற்றதெல்லாம் மறந்துபோகும். மனித சுபாவம் அது. கருவி செய்கிறவன் இந்தச் சுபாவத்தை அறிந்து செய்ய வேண்டும்.

நாணயம் போன்ற மானி

கருவி உண்மை சொல்லியும் உயிர்கள் போன சம்பவம் ஒன்று உண்டு. 1989-ம் ஆண்டு ஜனவரி 8-ந் தேதி, லண்டனிலிருந்து பெல்பாஸ்ட் சென்ற 'பிரிட்டிஷ் மிட்லண்ட்' விமானம், இங்கிலாந்தின் கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே நெடுஞ்சாலைக் கரையில் மோதியது. இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

விமானம் உயரே ஏறிக்கொண்டிருந்தபோது, இடது எஞ்சினின் விசிறித் தகடு ஒன்று உடைந்தது. விமானம் குலுங்கியது. அறையில் புகை நாற்றம். எந்த எஞ்சின் கெட்டது? விமானிகள் வலது என்று நினைத்து, நல்ல எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்! உடனே குலுக்கல் தணிந்தது போலத் தோன்றியது. உண்மையில், தானியங்கி வேகக் கட்டுப்பாட்டை விடுவித்ததால் இடது எஞ்சினுக்குப் போகும் எரிபொருள் குறைந்து அது சற்று அமைதியாயிற்று, அவ்வளவுதான். சுமார் 20 நிமிஷம் கழித்து, இறங்கப் போகும் தறுவாயில் அதுவும் கைவிட்டது.

அதிர்வைக் காட்டும் மானி அந்த அறையிலேயே இருந்தது. இடது எஞ்சினின் அதிர்வு உச்சத்தில் நிற்பதை அது காட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் அது நாணயத்தின் அளவுதான். பெரிய முள்ளுக்குப் பதிலாக, வட்டத்தின் ஓரமாக நகரும் சிறு ஒளிக்கோடுகள். எல்லை தாண்டியதும் கூவி அழைக்க விளக்கும் இல்லை, மணியும் இல்லை. இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. பழைய விமானங்களில் அதிர்வு மானி கண்டபடி காட்டும். அதை நம்ப வேண்டாம் என்பது விமானிகள் மத்தியில் நெடுநாளைய பேச்சு. புது மானி நம்பத் தக்கதாகிவிட்டது. பழைய பெயர் மட்டும் போகவில்லை. புது ரக விமானத்துக்கென்று பழக்கும் பொறி அப்போது பிரிட்டனில் இருக்கவும் இல்லை.

விசாரணை நிபுணர்கள், அதிர்வு மிகுந்தால் விமானியின் கவனத்தை இழுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று சிபாரிசு செய்தார்கள். இது பெரிய பாடம். ஒரு சாதனம் உண்மை பேசினால் மட்டும் போதாது. கேட்கிறவன் திரும்பிப் பார்க்கும்படி பேச வேண்டும். அவன் நம்பும்படியும் பேச வேண்டும்.

வெள்ளை எழுத்து மூன்று

அட்லாண்டிக்கில் நடந்தது என்ன என்பதை இந்தப் பாடத்தோடு சேர்த்துப் பார்த்தால் விளங்கும்.

ஜெட் எஞ்சினின் சூடான மசகு எண்ணெயைக் குளிர வைப்பது அந்த எஞ்சினுக்குப் போகும் குளிர்ந்த எரிபொருள்தான். இரண்டும் ஒரு பாத்திரத்தில் ஒன்றையொன்று தொடாமல் அடுத்தடுத்துப் பாயும். குழாய் விரிசல் கண்டதும், எஞ்சின் எரிப்பதைவிடப் பல மடங்கு எரிபொருள் அந்த வழியாக ஓடிற்று. ஆகவே எண்ணெய் அளவுக்கு மீறிக் குளிர்ந்தது, குளிர்ந்ததால் கெட்டியாயிற்று, கெட்டியானதால் அழுத்தம் கூடிற்று. எண்ணெய் மானி பொய் சொல்லவில்லை. எரிபொருள் கசிகிறது என்ற விஷயத்தைத் தன் பாஷையில் சொல்லிற்று! ஆனால் எண்ணெய்க் குறியிலிருந்து எரிபொருள் கசிவை ஊகிக்க எந்த விமானிக்கும் யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

அந்த ஏர்பஸ் விமானத்தில் வருமுன் சொல்லும் ஏற்பாடு ஒன்றும் இருந்தது. ஏதாவது ஓர் அளவு வழக்கத்திலிருந்து விலகத் தொடங்கினால், எல்லையைத் தொடுவதற்கு முன்பே, திரையில் மூன்று எழுத்துள்ள வெள்ளைக் குறி ஒன்று துடிக்கும். கூடவே அந்த அளவு சம்பந்தப்பட்ட பக்கம் தானாக எழும். அன்றும் அந்தக் குறி துடித்தது. ஆனால் எண்ணெய் விவகாரத்தை ஆராய்வதற்காக விமானிகள் எஞ்சின் பக்கத்தைத் தாங்களே அழைத்து வைத்திருந்தார்கள். அதனால் எரிபொருள் பக்கம் தானாக எழவில்லை. சில நிமிஷங்கள் கழித்தே அவர்கள் குறியைக் கவனித்தார்கள்.

கவனித்த பிறகும் அது சொன்னது அரைச் செய்தி. இரு பக்கமும் சமமாக இல்லை என்றது. ஏன் இல்லை என்று சொல்லவில்லை. சமன் செய்யும் முறை விமானிகளுக்கு மனப்பாடம். குறிப்பேட்டைத் திறந்திருந்தால், கசிவு இருக்குமோ என்று முதலில் பார் என்ற எச்சரிக்கையைக் கண்டிருப்பார்கள். திறக்கவில்லை. வால்வை மூடி வைத்திருந்தால் இடது எஞ்சினாவது ஓடிக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் கணக்கு மிகச் சுலபமானது. புறப்படும்போது இருந்தது இவ்வளவு. எஞ்சின்கள் எரித்தது இவ்வளவு. மிச்சம் இவ்வளவு இருக்க வேண்டும். இல்லையென்றால் எங்கோ ஒழுகுகிறது. மளிகைக் கடைச் சிப்பந்தி இரவில் கல்லாவைச் சரிபார்க்கும் கணக்குத்தான் இது. விமானத்தின் கம்ப்யூட்டரிடம் எண்கள் யாவும் இருந்தன. கூட்டிக் கழித்துச் சொல்லும்படி மட்டும் யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை. விபத்துக்குப் பிறகு ஏர்பஸ் கம்பெனி இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாட்டைச் சேர்த்தது. வால்வைத் திறக்குமுன் கசிவு இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும் என்று பிரெஞ்சு, அமெரிக்க அதிகாரிகள் உத்தரவும் போட்டார்கள்.

குழாய் ஏன் விரிந்தது? சில நாட்களுக்கு முன்னால் அந்த எஞ்சினை மாற்றியபோது, ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு குழாய்களை அருகருகே பூட்டிவிட்டார்கள். ஒன்றையொன்று உரசித் தேய்ந்ததுதான் காரணம்.

'புலி வருது, புலி வருது'

அப்படியானால், எல்லா அளவுகளுக்கும் முன்னெச்சரிக்கை வைத்துவிடலாமே? சந்தேகம் வந்த மாத்திரத்தில் திரை கத்திவிட்டால் தொல்லை தீர்ந்ததே?

தீராது. 'புலி வருது, புலி வருது' என்று விளையாட்டுக்குக் கூவிய ஆட்டிடையன் கதைதான் நடக்கும். பத்து முறை வீணாக எழுப்பிய மணியைப் பதினோராவது முறை யாரும் சட்டை செய்வதில்லை. வருங்காலத்தைச் சொல்லும் கருவி, ஜோசியரைப் போலச் சில வேளை தவறத்தான் செய்யும். அந்தத் தவறுக்கு விலை உண்டு. வீண் எச்சரிக்கையை நம்பி நல்ல எஞ்சினை நிறுத்தினால் அதுவே விபத்தாகிவிடும்.

எனவே, எப்போது பேசுவது என்பதோடு எப்போது மௌனமாக இருப்பது என்பதையும் கருவிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏர்பஸ் விமானம் ஓடுபாதையில் மணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதும், பல எச்சரிக்கைகளைக் கம்ப்யூட்டர் தானே அடக்கிவைத்துக்கொள்கிறது. விமானம் தரையை விட்டு எழுந்து ஓரளவு உயரம் சென்ற பிறகுதான் அவற்றை வெளியிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது சின்னக் கோளாறுக்காகத் திடீரென்று பிரேக் போடுவது, கோளாறோடு பறப்பதைவிட ஆபத்தானது. சொல்லாமல் இருப்பதும் சில நேரம் உபகாரம்தான்.

அமெரிக்காவின் 'நாசா' ஸ்தாபனத்துக்கு வர்ஜீனியா மாநிலத்தில் லாங்லி என்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1980-களின் கடைசியில் அங்கே ஒரு புது விதத் திரையைச் சோதித்துப் பார்த்தார்கள். எஞ்சின் இந்த உயரத்தில், இந்த வேகத்தில், இந்தக் குளிரில் எப்படி இருக்க வேண்டும் என்று கம்ப்யூட்டர் கணக்கிடும். உண்மையில் எப்படி இருக்கிறது என்று பார்க்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் நேர்கோட்டிலிருந்து மேலோ கீழோ நீளும் பட்டையாகக் காட்டும். பட்டைகள் யாவும் நேர்கோட்டில் அடங்கியிருந்தால் சுகம். ஒன்று நீண்டால் நோய். பழைய மானிகளைப் பார்த்தவர்களைவிட இந்தத் திரையைப் பார்த்த விமானிகள் கோளாறுகளை நன்றாகக் கண்டுபிடித்தார்கள். முட்களின் சாய்வை ஒன்றோடொன்று ஒப்பிட்ட பழைய எஞ்சினியரின் கண்ணைத்தான் விஞ்ஞானிகள் திரைக்குள் கொண்டுவந்தார்கள் என்று சொல்லலாம்.

மழையாய்க் கொட்டிய எச்சரிக்கை

ஒரே சமயத்தில் ஆயிரம் பேர் கூச்சலிட்டால் என்ன கேட்கும்? 2010-ம் ஆண்டு நவம்பர் 4-ந் தேதி, 'குவாண்டாஸ்' கம்பெனியின் 'ஏ-380' ராட்சத விமானம் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்டது. இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கு மேலே அதன் இரண்டாவது எஞ்சின் வெடித்தது. மசகு எண்ணெய் செல்லும் சிறு குழாய் ஒன்றை ஒழுங்காகக் கடையாததே மூல காரணம் என்று பின்னால் தெரிந்தது. எண்ணெய் கசிந்து தீப் பற்றி, சுழலும் தட்டு ஒன்று துண்டு துண்டாகப் பறந்து இறக்கையைத் துளைத்தது. நூற்றுக்கணக்கான ஒயர்கள் அறுந்தன. உள்ளே 469 பேர்.

திரையில் எச்சரிக்கைகள் மழையாய்க் கொட்டின. எரிபொருள், பிரேக், மின்சாரம், மற்ற எஞ்சின்கள் எல்லாவற்றிலும் கோளாறு! நல்ல வேளையாக, பரீட்சைக்காக வந்தவர்களையும் சேர்த்து அன்று அறையில் ஐந்து விமானிகள் இருந்தார்கள். திரை சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்கவே அவர்களுக்குச் சுமார் 50 நிமிஷம் பிடித்தது. தலைமை விமானி ரிச்சர்டு டி கிரெஸ்பினி ஒரு கட்டத்தில் தம் யோசனையைத் தலைகீழாகத் திருப்பினார். என்னென்ன கெட்டது என்று எண்ணுவதை விட்டு, என்னென்ன இன்னும் வேலை செய்கிறது என்று எண்ணத் தொடங்கினார்.

இன்னொன்றும் செய்தார்கள். எரிபொருள் சமமாக இல்லை என்று திரை அறிவித்தபோது, அதை இடம் மாற்ற அவர்கள் சம்மதிக்கவில்லை. இறக்கையிலிருந்து எரிபொருள் ஒழுகுவது தெரிந்திருந்தது. குழாய்கள் எந்த நிலையில் உள்ளன என்பதும் நிச்சயமில்லை. அட்லாண்டிக்கில் எது விபரீதமாயிற்றோ அதை இங்கே தவிர்த்தார்கள். புறப்பட்டுச் சுமார் இரண்டு மணி நேரத்தில் விமானம் சிங்கப்பூரிலேயே பத்திரமாக இறங்கிற்று.

திரை ஐந்து பேருக்கு 50 நிமிஷ வேலை கொடுத்தது. அன்று இருவர் மட்டும் இருந்திருந்தால்? மூல நோய் ஒன்று, அதனால் விளைந்த உபத்திரவங்கள் நாற்பது என்று பிரித்துச் சொல்லும் திரை இருந்தால் எவ்வளவு நேரம் மிஞ்சும்! டாக்டரிடம் போகிற நோயாளி தலைவலி, வாந்தி, நடுக்கம் என்று அடுக்கலாம். மலேரியா என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டியவர் டாக்டர் அல்லவா?

எரியாத விளக்கு

இதுவரை சொன்னவை எரிந்த விளக்குகளின் கதை. எரியாத விளக்கின் கதை இன்னும் கசப்பானது.

2018-ம் ஆண்டு அக்டோபர் 29-ந் தேதி இந்தோனேசியாவின் 'லயன் ஏர்' விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். 2019-ம் ஆண்டு மார்ச்சு 10-ந் தேதி 'எத்தியோப்பியன்' விமானம் விழுந்து 157 பேர் இறந்தார்கள். இரண்டும் போயிங் 737 மாக்ஸ் ரகம். காற்றில் விமானத்தின் மூக்கு எந்தக் கோணத்தில் இருக்கிறது என்று அளக்கும் கருவிகள் அதில் இரண்டு உண்டு. விமானத்தின் மூக்கைத் தானாகக் கீழே அழுத்தும் கம்ப்யூட்டர் ஏற்பாடு ஒன்று, அவற்றில் ஒரே ஒரு கருவியை மட்டும் நம்பி வேலை செய்தது. அந்தக் கருவி தவறாகக் காட்டியதும் மூக்கை மீண்டும் மீண்டும் அழுத்திற்று.

இரண்டு கருவிகளும் முரண்பட்டால் "கோண மானிகள் ஒத்துப்போகவில்லை" என்று திரையில் எழுத்து வர வேண்டும். எல்லா மாக்ஸ் விமானங்களிலும் அது இருப்பதாகவே உத்தேசம். ஆனால், தனியே விலை கொடுத்துக் கோணத்தைக் காட்டும் டயலையும் வாங்கிய கம்பெனிகளின் விமானங்களில்தான் அந்த எச்சரிக்கை வேலை செய்தது! மென்பொருளில் நேர்ந்த பிசகு இது. போயிங் கம்பெனிக்கு 2017-லேயே விஷயம் தெரியும். பிறகு வரும் மாற்றத்தோடு சேர்த்துச் சரி செய்துகொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். முதல் விமானம் விழுந்த பிறகே விஷயம் வெளியே வந்தது.

அந்த எழுத்து வந்திருந்தால் விபத்து நேர்ந்திராது என்று அடித்துச் சொல்ல இயலாது. ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். லயன் ஏர் விமானம் விழுவதற்கு முதல் நாள், பாலித் தீவிலிருந்து ஜகார்த்தாவுக்கு வந்தபோதே அதே விமானத்தில் அதே கோளாறு தலைகாட்டியது. அன்று எப்படியோ சமாளித்து இறக்கிவிட்டார்கள். கோண மானிகள் முரண்பட்ட செய்தி திரையில் வராததால், விமானிகள் அதைக் குறிப்பேட்டில் எழுத முடியவில்லை. எழுதாததால், பழுது பார்ப்பவர்கள் அந்த மானியைத் தேடிப் போகவில்லை. மறுநாள் காலை அதே விமானம் 189 பேரோடு கிளம்பிற்று. இந்தோனேசிய விசாரணை அறிக்கை இதைத் தெளிவாகச் சுட்டிக் காட்டியிருக்கிறது. வருமுன் சொல்ல ஓர் இரவு முழுவதும் அவகாசம் இருந்தது. சொல்ல வேண்டிய எழுத்து வாய் மூடிக் கிடந்தது.

சட்டமும் சலுகையும்

இரண்டு விபத்துக்களுக்குப் பிறகு, 2020 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் ஒன்று செய்தது. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அனுமதி பெறும் பிரயாணி விமானங்களில், கோளாறுகளை முக்கியத்துவப்படி வரிசைப்படுத்திச் சொல்லும் நவீன எச்சரிக்கை ஏற்பாடு இருந்தே தீர வேண்டும் என்பது அதன் விதிகளில் ஒன்று. 1980-களிலேயே போயிங் தன் 767 விமானத்தில் வைத்த ஏற்பாடுதான் அது. ஆனால் 1960-களில் பிறந்த 737 குடும்பத்துக்கு மட்டும் அது வரவே இல்லை. அதை வைத்தால் விமானிகளுக்குப் புதிதாகப் பயிற்சி தர வேண்டும், செலவு, காலதாமதம், ஒரே குடும்பத்து விமானங்களில் இரண்டு விதத் திரை இருந்தால் குழப்பம் என்று கம்பெனி வாதாடியது. 2022 டிசம்பரில், கோண மானிக்கு மேலும் பாதுகாப்புச் செய்ய வேண்டும் முதலிய நிபந்தனைகளோடு, காங்கிரஸ் அந்தக் கெடுவைத் தளர்த்தியது.

மறுபக்கத்தில் தரையில் வேறொரு புரட்சி நடக்கிறது. இன்றைய எஞ்சின்கள் பறக்கும்போதே தங்கள் உஷ்ணம், அழுத்தம், அதிர்வு எல்லாவற்றையும் தரைக்கு அனுப்புகின்றன. போயிங்கும் எஞ்சின் செய்யும் ரோல்ஸ் ராய்ஸும் இதற்கென்று ஏற்பாடுகள் வைத்திருக்கின்றன. ஏர்பஸ் 2017-ல் 'ஸ்கைவைஸ்' என்ற பெயரில் ஒன்றைத் தொடங்கியது. ஒரு வால்வு கெடப்போகிறது என்று முன்னதாகவே கணித்து, விமானம் அடுத்த ஊரில் இறங்கும்போது புது வால்வோடு ஆள் காத்திருக்கிறான். வருமுன் காப்போன் கடைசியில் வந்துவிட்டான்! ஆனால் அவன் பெரும்பாலும் தரையில், பழுது பார்ப்பவர் மேஜையில் உட்கார்ந்திருக்கிறான். அவசரத்தில் தவிக்கும் விமானியின் பக்கத்தில் இன்னும் முழுதாக வந்து உட்காரவில்லை.

இதற்கிடையே, விமானி அறையில் இருவருக்குப் பதில் ஒருவர் போதாதா என்ற பேச்சும் அடிபடுகிறது. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அதிகாரிகள் இதை ஆராய ஏற்பாடு செய்து, 2025-ல் முடிவை வெளியிட்டார்கள். இன்றைய விமானி அறையில் ஒருவர் தனித்திருக்கும்போது, இருவர் இருப்பதற்குச் சமமான பாதுகாப்பு உண்டு என்று நிரூபிக்க இயலவில்லை என்பதே அந்த முடிவு. மூன்றாவது ஆசாமியை எழுப்பிவிட்டபோது அவர் இடத்தைத் திரை எடுத்துக்கொண்டது. அவருடைய வேலையில் முள்ளைப் படித்த பாதியை மட்டுமே அது கற்றது. "இதென்னவோ சரியாகப் படவில்லையே" என்று முகம் சுளித்த பாதியை இன்னும் கற்று முடிக்கவில்லை. அதைக் கற்கும் முன்பே இரண்டாவது ஆசாமியையும் எழுப்புவது நியாயமாகாது.

விமான டிக்கெட் வாங்குகிறவருக்கு நேரம் தெரியும், கட்டணம் தெரியும், ஜன்னல் ஓரத்து இடம் உண்டா என்பதும் தெரியும். தாம் ஏறப்போகும் விமானத்தில் எந்த எச்சரிக்கை வேலை செய்கிறது, எது விலை கொடுக்காததால் ஊமையாக இருக்கிறது என்பது தெரியாது. தெரிந்துகொள்ள வழியும் இல்லை. அவருக்காக அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை, அனுமதிப் பத்திரம் தரும் சர்க்கார்கள்தான். எச்சரிக்கையைத் தனி விலைக்கு விற்கும் சாமானாக விடக்கூடாது. கெடுவைத் தளர்த்தும்போதெல்லாம் அந்தச் சர்க்கார்கள் ஜகார்த்தாவின் அந்த ஓர் இரவை நினைத்துக்கொள்வது நல்லது.